பிடி இருந்தால் பாசி துளிர்க்கும்

ஏலாக்குறிச்சிக் குழந்தைகளே! உங்கள் ஊர்ப்பக்கம் ஓடும் கொள்ளிடம் கடைசியில் கடலில்தான் கலக்கிறது. அந்தக் கடலோரமாகத் தெற்கே போனால் பாம்பன் வரும். அங்கே சின்னப்பாலம் என்று ஒரு மீனவர் ஊர். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 குட்டித் தீவுகள் உண்டு. அந்தப் பகுதிக் கடலில் மூச்சை அடக்கி மூழ்கிப் பாசி எடுப்பவர்கள் இவ்வூர்ப் பெண்கள். கண்ணில் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி, இடுப்பில் வலைப்பை.

அவர்கள் எடுப்பதில் ஒன்று மரிக்கொழுந்துப் பாசி. இதிலிருந்து 'அகார்' கிடைக்கும். ரம்ஜான் மாதத்தில் வீடுகளில் செய்யும் வழுவழு கடல்பாசி இனிப்பு இருக்கிறதே, அதை உறைய வைப்பது அகார்தான். கொதிநீரில் கரையும், ஆறினால் கட்டியாகும், நம் ஊர் வெயிலிலும் உருகாது. அதனால்தான் ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியாவை இதன்மேல் வளர்க்கிறார்கள்.

எடுத்துக்கொண்டே இருந்தால் பாசி தீர்ந்துவிடாதா? பாசிக்கு வேர் கிடையாது. உடம்பு முழுவதாலும் கடல்நீரிலிருந்து சத்தை உறிஞ்சும். அடியில் இருப்பது பாறையைப் பற்றிக்கொள்ளும் பிடி மட்டுமே. மேல்பகுதியைக் கிள்ளினால், பிடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். இரும்பால் சுரண்டினால் பிடியும் போய்விடும், பாறை மொட்டையாகிவிடும்.

1986-இல் இத்தீவுப் பகுதி கடல் தேசியப் பூங்காவானது. கட்டுப்பாடுகள் கூடின. பெண்கள் சங்கமாகச் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே விதி வைத்தார்கள்: சுரண்டும் இரும்பு வேண்டாம், கையால் மட்டும் எடுப்போம், மாதத்தில் 12 நாள்தான் இறங்குவோம், மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவத்தில் 45 நாள் கடலுக்கே போக மாட்டோம். பாசிக்கு வளர அவகாசம், அதற்குள் ஒளியும் மீன்குஞ்சுக்கும் நிம்மதி! இவர்களை வழிநடத்திய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுகளைக் காக்கும் 'சீகாலஜி' என்ற அமெரிக்க அமைப்பு பரிசு வழங்கியது.

அடிப்பகுதியை விட்டுவைத்தால் கீரையும் பாசியைப் போலத் துளிர்க்குமா? செய்து பாருங்கள்: இரண்டு தொட்டிகளில் அரைக்கீரை விதையுங்கள். வளர்ந்ததும் ஒன்றில் அடித்தண்டை விட்டு நறுக்குங்கள். மற்றதில் வேரோடு பிடுங்குங்கள். இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றி வாருங்கள். எந்தத் தொட்டியில், எத்தனை நாளில் துளிர் வருகிறது? நோட்டில் குறித்து எங்களுக்கு எழுதுங்கள்.