கொதிப்பது எஞ்சினா, பொய்ப்பது கம்பியா?

பொங்கலுக்கு விவேக் நகரிலிருந்து ஓசூர் வழியே சொந்த ஊர் செல்லும் நம் குடும்பங்கள் பல. புறப்படும் வேளையில் காரின் உஷ்ணமானி தாறுமாறாகக் காட்டினால், உடனே சென்சாரை மாற்றிப் பணத்தை இழக்க வேண்டா. எஞ்சின் மெய்யாகவே கொதிக்கிறதா என்பதே முதற் கேள்வி. வண்டி நன்கு ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீரளவைப் பாருங்கள்.

நீரும் குறையாது, கொதிப்பும் இல்லையெனில், மின்சுற்றை ஐயுறலாம். இந்தச் சென்சாரின் மின்தடை குளிரில் மிகும், சூட்டில் குறையும். காரின் கணினி 5 வோல்ட் அனுப்பி, அந்த மாறுதலைக் கொண்டு வெப்பத்தை அறிகிறது.

இரு கம்பிச் சென்சாராயின் சோதனை எளிது. சாவியை அணைத்து இணைப்பைக் கழற்றுக. பின், எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்புக. விசிறி தானே சுழலக்கூடும்; கை விலகியிருக்கட்டும். ஸ்கேனர் மைனஸ் 40 டிகிரியளவு காட்டவேண்டும். கழற்றிய இணைப்பின் இரு முனைகளையும் சிறு கம்பியால் சேர்த்தால், மிகுந்த சூடு காட்டவேண்டும். இரண்டும் நிகழ்ந்தால் கம்பியும் கணினியும் குற்றமற்றவை, பழுது சென்சாரிலேயே. நிகழாவிடில், அறுந்த கம்பியையோ பச்சை பூத்த முனையையோ தேடுக. புதுச் சென்சார் அந்நோயைத் தீர்க்காது.

மெக்கானிக்கிடம் இச்சோதனையைக் கேளுங்கள். பிறகு பணப்பையைத் திறவுங்கள்.