தூங்காத குழந்தையா, தூங்காத தாயா?

ராத்திரி இரண்டு மணி. பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகளின் அறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். மடியில் குழந்தை வீறிட்டு அழுகிறது. அதற்கு மேல் இவள் அழுது கொண்டிருக்கிறாள்.

"அம்மா, இந்தக் குழந்தை தூங்கவே மாட்டேங்குது. எங்க பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மணிக்குப் படுத்தா காலையில ஆறு மணிக்குத்தான் முழிக்குதாம். எனக்குத்தான் வளர்க்கத் தெரியல போலிருக்கு. சளிக்குக் கொடுக்கிற சிரப் ஒரு மூடி கொடுத்தா நல்லா தூங்கும்னு சொல்றாங்களே, கொடுத்துப் பார்க்கலாமாம்மா?"

கடைசியில் கேட்டாளே, அதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அப்போதைக்குக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக் கொண்டு, "நீ படு. காலையில பேசிக்கலாம்" என்றேன்.

மறுநாள் ஒரு பழைய நோட்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். குழந்தை கண் மூடும் நேரம், விழிக்கும் நேரம் இரண்டையும் ஒரு நாள் முழுக்க எழுதச் சொன்னேன். என் மாமியாருக்கு ஒரே சிரிப்பு. "பச்சப்புள்ள கடிகாரம் பார்த்தா தூங்கும்?" என்றார்.

கணக்கு சொன்ன கதை

குழந்தைக்கு இரண்டு மாதம் முடிந்திருந்தது. நோட்டில் இருந்தது இதுதான்: ராத்திரி 11 முதல் 1.15 வரை. பால் குடித்து, ஏப்பம் விட்டு, மறுபடி 2 முதல் 4.30 வரை. பிறகு 5.15 முதல் 7 வரை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிறகு 9.30 முதல் 12.30 வரை. மதியம் 1.15 முதல் 3 வரை. மாலை 4 முதல் 5.30 வரை. அப்புறம் 7 முதல் 9 வரை.

கூட்டிப் பாருங்கள். 14 மணி 45 நிமிடம் வருகிறது! "தூங்கவே மாட்டேங்குது" என்று சொன்ன குழந்தை நாளில் பாதிக்கு மேல் தூங்கியிருக்கிறது. பக்கத்திலேயே என் மகள் தூங்கிய நேரத்தையும் எழுதச் சொல்லியிருந்தேன். மூன்றேகால் மணி. அவ்வளவுதான்.

தூங்காதது குழந்தை இல்லை, அதைப் பெற்றவள்!

எந்த வயதில் எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான தூக்க அளவை வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கான அளவை 2016-ல் அமெரிக்கத் தூக்க மருத்துவ நிபுணர்கள் சொன்னார்கள். இவை 24 மணி நேரத்துக்கான கணக்கு. சின்னக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கமும் இதில் சேர்ந்ததுதான்.

பிறந்ததிலிருந்து 3 மாதம் வரை: 14 முதல் 17 மணி
4 மாதம் முதல் 11 மாதம் வரை: 12 முதல் 16 மணி
1, 2 வயதில்: 11 முதல் 14 மணி
3, 4 வயதில்: 10 முதல் 13 மணி
6 முதல் 12 வயது வரை: 9 முதல் 12 மணி
13 முதல் 18 வயது வரை: 8 முதல் 10 மணி

ஒரே வயதில் இரண்டு முதல் நான்கு மணி வரை வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் குழந்தை 14 மணி தூங்கினாலும் சரி, அடுத்த வீட்டுக் குழந்தை 17 மணி தூங்கினாலும் சரி, இரண்டுமே நல்ல குழந்தைகள்தான். நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி, விழித்திருக்கும் போது முகம் பார்த்துச் சிரித்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஏன் துண்டு துண்டாகத் தூங்குகிறது?

பிறந்த குழந்தைக்குச் சின்ன வயிறு. தாய்ப்பால் சீக்கிரம் ஜீரணமாகிவிடும். அதனால் ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கேட்கும். ராத்திரி என்பதற்காகப் பசி நிற்குமா?

இன்னொரு காரணமும் உண்டு. இருட்டினால் தூக்கம் வர வைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன், ராத்திரியில் ஒழுங்காகச் சுரக்க இரண்டு மூன்று மாதம் ஆகிறது. அதுவரை குழந்தைக்கு இரவும் ஒன்றுதான், பகலும் ஒன்றுதான். அது உங்களைப் படுத்த வேண்டும் என்று விழிப்பதில்லை.

தூங்கும் போது குழந்தை சிரிக்கும், முகத்தைச் சுளிக்கும், மூடிய இமைக்குள் கண் உருளும். "சாமி பூ காட்டுது, நரி விரட்டுது" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இது ஒரு தனி வகைத் தூக்கம் என்று அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் 1953-ல் வெளியிட்டார்கள். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இந்த வகைதான். இந்த நேரத்தில் அது முனகும், நெளியும், ஒரு சத்தம் கூடப் போடும். ஆனால் தூங்கிக் கொண்டுதான் இருக்கும். நாம் உடனே பாய்ந்து தூக்கினால் நாமே எழுப்பிவிட்ட மாதிரி ஆகும். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். நிஜமான அழுகை என்றால் அது நிற்காது.

எப்போது விடிய விடியத் தூங்கும் என்றுதானே கேட்கிறீர்கள்? கனடா நாட்டு ஆராய்ச்சி ஒன்று 2018-ல் வெளியானது. ஆறு மாதக் குழந்தைகளில் 100-க்கு 38 பேர் ராத்திரியில் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கவில்லையாம். ஒரு வயதில்கூட 28 பேர் அப்படித்தான். அதனால் அவர்கள் வளர்ச்சியில் குறை ஒன்றும் காணவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு நம் குழந்தையைப் போட்டி போட வைக்க வேண்டாம்.

நான் செய்த தப்பு

இப்போது அந்த சிரப் விஷயத்துக்கு வருகிறேன்.

இருபத்துமூன்று வருஷம் முன்னால், ஒரு உறவுக்காரக் கல்யாணத்துக்கு ராத்திரி பஸ்ஸில் போக வேண்டியிருந்தது. கையில் எட்டு மாதக் குழந்தை. பஸ்ஸில் அழுது ஊரைக் கூட்டுமே என்று பயம். "சளி மருந்து மிச்சம் இருந்தா அரை மூடி கொடு, அசந்து தூங்கும்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நானும் கொடுத்தேன்.

தூங்கியது. பஸ் ஏறும் முன் பால் கொடுக்கலாம் என்று எழுப்பினேன், எழவில்லை. கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறந்து, அப்படியே சொருகியது. மார்பில் வைத்தால் வாய் வைக்கவில்லை. கையும் காலும் துணி மாதிரி தொங்கின. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ராத்திரி முழுக்க அங்கேதான். அந்தக் குழந்தை டாக்டர் என்னைத் திட்டக்கூட இல்லை. "இது தூக்கம் இல்லேம்மா, மயக்கம்" என்று மட்டும் சொன்னார். விடிந்து குழந்தை பசிக்கு அழுதபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

அந்தக் குழந்தைதான் இன்று மடியில் குழந்தையோடு என்னிடம் சிரப் கேட்டவள். இத்தனை வருஷம் அவளிடம் இதைச் சொன்னதே இல்லை. அன்று சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் குழந்தையை இறுக்கி அணைத்துக் கொண்டாள்.

சளி மருந்து பலவற்றில் மயக்கம் தரும் சரக்கு இருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு அது மூச்சையே மந்தப்படுத்தலாம். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட வேண்டுமென 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவு போட்டது. கசகசா அரைத்த பால், வசம்பு என்று பெரியவர்கள் சொல்வதும் வாய்க்குள் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் தேவையில்லை. வசம்பைக் கையில் வளையலாகக் கட்டி அழகு பார்ப்பதோடு விட்டுவிடலாம். அதையும் குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

எப்படிப் படுக்க வைப்பது?

மல்லாக்கத்தான். ஒரு வயது வரை, ராத்திரியும் பகலும், ஒவ்வொரு முறையும். குப்புறப் போட்டால் நன்றாகத் தூங்கும் என்பது உண்மைதான். ஆனால் தூக்கத்திலேயே மூச்சு நின்று குழந்தை இறந்துபோகும் ஆபத்து அதில் அதிகம். அமெரிக்காவில் 1994-ல் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்று பிரசாரம் தொடங்கிய பிறகு, அப்படிப்பட்ட மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. "மல்லாக்கப் படுத்தா கக்கின பால் புரை ஏறாதா?" என்று என் மாமியார் கேட்டார். நல்ல கேள்விதான். ஆரோக்கியமான குழந்தை தானே விழுங்கிவிடும், அல்லது இருமித் துப்பிவிடும் என்கிறார்கள் டாக்டர்கள். தானாகவே இரண்டு பக்கமும் புரளத் தெரிந்துவிட்டால், தூக்கத்தில் புரண்டு படுப்பதை மாற்ற வேண்டியதில்லை. முதலில் படுக்க வைப்பது மட்டும் மல்லாக்க இருக்கட்டும்.

படுக்கை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். தலை உருண்டையாக வர வேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை வேண்டாம். பொம்மை, கனமான போர்வை எதுவும் பக்கத்தில் வேண்டாம். சித்திரை வெயிலில் குல்லாயும் கம்பளியும் போட்டுப் புழுங்க வைக்காதீர்கள்.

தூளியா? நாமெல்லாம் தூளியில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் சேலைத் தூளியில் சின்னக் குழந்தையின் உடம்பு வளைந்து, தாடை நெஞ்சில் அழுந்தினால் மூச்சு முட்டும். கண்ணெதிரே கொஞ்ச நேரம் மெதுவாக ஆட்டுங்கள், தூங்கியதும் பாயில் மாற்றுங்கள். பெரிய குழந்தைகளைத் தூளியில் ஏறி முறுக்கி விளையாட விடாதீர்கள். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

தாய் இருக்கும் அறையிலேயே, தனிப் படுக்கையில் குழந்தை படுப்பதுதான் மிகவும் பாதுகாப்பு. குடித்தவர், புகை பிடிப்பவர், தூக்க மாத்திரை சாப்பிட்டவர் பக்கத்தில் போடவே கூடாது. சோபாவில் சாய்ந்தபடி குழந்தையோடு கண்ணயர்வதும் கூடாது.

கொஞ்சம் வளர்ந்த பிறகு

பகல் வெளிச்சமாக, பேச்சு சத்தத்தோடு இருக்கட்டும். ராத்திரிப் பாலை மங்கலான விளக்கில், பேசாமல், கொஞ்சாமல் கொடுங்கள். மூன்று நான்கு மாதத்தில் வித்தியாசம் தெரியும். ஒன்றரை வயது வாக்கில் பகல் தூக்கம் ஒரு வேளையாகக் குறையும். அதை மாலை ஐந்து மணி வரை நீட்ட விட்டால் ராத்திரி பதினொரு மணிக்கு அது பந்து விளையாடும்!

தினமும் ஒரே வரிசை நல்லது. சாப்பாடு, முகம் கழுவுதல், ஒரு கதை அல்லது தாலாட்டு, விளக்கை அணைத்தல். செல்போனைக் காட்டித் தூங்க வைக்காதீர்கள். இரண்டு வயது ஆகும் வரை எந்தத் திரையும் வேண்டாம், அதற்கு மேல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரம்கூடத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பள்ளிப் பிள்ளைக்குக் கணக்கு எளிது. காலை ஆறு மணிக்கு எழுந்தால்தான் வேன் பிடிக்க முடியும் என்றால், ஒன்பது மணித் தூக்கத்துக்கே ராத்திரி ஒன்பதுக்குத் தூங்கியிருக்க வேண்டும். சீரியல் முடியட்டும் என்று உட்கார வைத்தால் வகுப்பில் தூங்கி வழிவது யார் தப்பு?

மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகள் சிலர், தூங்கிய கொஞ்ச நேரத்தில் அலறி எழுந்து, நம்மையே அடையாளம் தெரியாமல் விழிப்பார்கள். காத்து கருப்பு இல்லை. உலுக்கி எழுப்பாமல், அடிபடாமல் பக்கத்தில் இருங்கள், தானாகவே அடங்கும். காலையில் அதற்கு ஞாபகமே இருக்காது.

டாக்டரிடம் எப்போது போவது?

பச்சைக் குழந்தை பாலுக்குக்கூட எழாமல் துவண்டு கிடந்தால், மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், உடம்பு மஞ்சளாகித் தூங்கிக்கொண்டே இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். பெரிய குழந்தை தினமும் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் காட்டியே ஆக வேண்டும். சதை வளர்ச்சி காரணமாக இருக்கலாம்.

பெற்றவளும் தூங்க வேண்டுமே!

என் வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்லி முடிக்கிறேன். குளித்த பிறகு குழந்தை தூங்கும் மூன்று மணி நேரத்தில் என் மகள் துணி அலசிக் கொண்டிருந்தாள். அதை நிறுத்தி, "நீயும் படு" என்று கதவைச் சாத்தினேன். ராத்திரி பால் கொடுத்ததும் குழந்தையை வாங்கி, ஏப்பம் எடுத்து, துணி மாற்றிப் படுக்க வைப்பது என் முறை. சனி, ஞாயிறு வரும் மாப்பிள்ளைக்கும் அந்த வேலையைக் கற்றுக் கொடுத்தேன். முதலில் தயங்கினார், இப்போது என்னைவிட நன்றாகச் செய்கிறார்.

பத்து நாள் கழித்து நோட்டைப் பார்த்தோம். குழந்தையின் கணக்கு ஏறக்குறைய அதேதான். மகளின் கணக்கு மூன்றேகாலிலிருந்து ஆறு மணியாகியிருந்தது. ராத்திரி இரண்டு மணி அழுகை நின்றுவிட்டது. குழந்தையின் அழுகையைச் சொல்லவில்லை, இவள் அழுகையை.

பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். அதற்கு மேலும் அழுகையும், குழந்தை மேல் வெறுப்பும், 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணமும் நீடித்தால் அது ஒரு நோய், டாக்டரிடம் மருந்து இருக்கிறது. வெட்கப்பட ஏதுமில்லை.

குழந்தை பார்க்க வரும்போது ஜான்சன் பவுடரும் கிலுகிலுப்பையும் வாங்கி வருகிறோம். அடுத்த முறை இரண்டு மணி நேரம் குழந்தையை வைத்துக் கொண்டு, "போய்த் தூங்கும்மா" என்று சொல்லிப் பாருங்கள். பெற்றவளுக்கு அதைவிடப் பெரிய சீர் வேறில்லை.