ஓயாது வளரும் பற்கள்

மனிதனுக்குப் பற்கள் இருமுறை முளைக்கின்றன. பாற்பற்கள் விழுந்தபின் தோன்றும் நிலைப்பற்கள் உரிய அளவை எட்டியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன. பிறகு அவை தேயலாம், சொத்தையாகலாம், விழலாம்; வளர்வதில்லை. கினிப்பன்றியின் நிலை இதற்கு நேர்மாறானது. அதன் வாயிலுள்ள 20 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. வளரும் அளவுக்குத் தேய்மானமும் நிகழ்ந்தால் மட்டுமே அதனால் உண்ண முடியும். தேய்மானம் குறைந்தால், நிறைந்த உணவுத் தட்டின் முன் அமர்ந்தபடியே அது பட்டினியால் இறக்க நேரிடும்.

பெயரில் பன்றி இருப்பினும் இது பன்றி இனத்தைச் சேர்ந்ததன்று. எலியையும் அணிலையும் போன்று கொறிக்கும் விலங்கு. கினி என்னும் ஆப்பிரிக்க நாட்டில் தோன்றியதும் அன்று. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியே இதன் தாயகம். அங்கு வாழ்ந்த மக்கள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை இறைச்சிக்காக வளர்க்கத் தொடங்கினர். பெரு நாட்டில் இன்றும் அவ்வழக்கம் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவை அடைந்த இவ்விலங்கு, அங்கே செல்லப்பிராணி ஆயிற்று. இப்போது இந்தியப் பெருநகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இதனைக் காணலாம். நாய் வளர்க்க இடமில்லாத வீட்டிலும் இதற்கு ஒரு மூலை கிடைத்துவிடுகிறது. உடல் சிறிது என்பதால் பொறுப்பும் சிறிது என்று எண்ணி வாங்குவோர் பலர். அவ்வெண்ணம் எவ்வளவு தவறானது என்பதை அதன் பற்களே காட்டிவிடும்.

கினிப்பன்றியின் வாயைத் திறந்தால் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு வெட்டுப்பற்கள் தெரியும். கோரைப்பற்கள் இல்லை, அவை இருக்கவேண்டிய இடம் வெற்றிடமாக உள்ளது. அதனைத் தாண்டி உள்ளே, ஒவ்வொரு தாடையின் இரு புறமும் நான்கு நான்காகக் கடைவாய்ப்பற்கள் அமைந்துள்ளன. இவை நேராக நிற்பதில்லை. கீழ்ப்பற்கள் நாவை நோக்கியும் மேற்பற்கள் கன்னத்தை நோக்கியும் சாய்ந்துள்ளன. எனவே, தேயாமல் வளரும் கீழ்ப்பற்கள் இரு புறத்திலிருந்தும் நாவின்மேல் வளைந்து, நாளடைவில் பாலம்போல் அமைந்துவிடுகின்றன. நாக்கு அதன்கீழ்ச் சிறைப்படுகிறது. உணவை உள்ளே தள்ளவோ விழுங்கவோ இயலாமற்போகிறது. மேற்பற்களின் கூர்முனைகள் கன்னத்தின் உட்புறத்தைக் குத்திப் புண்ணாக்குகின்றன. பல்லின் அடிப்பகுதியும் எதிர்ப்புறமாக நீள்வதுண்டு. அப்போது கீழ்த்தாடையின் விளிம்பு மேடுபள்ளமாகத் தடவினால் தெரியும். மேல்தாடையில் நீண்டால் கண்ணில் ஓயாது நீர் வடியும். கண்நோய் என்று கருதிக் கொண்டுவரப்படும் கினிப்பன்றிக்கு உண்மையில் பல்நோய் இருப்பதும் உண்டு.

பற்களைத் தேய்ப்பது எது? புல்தான். புல்லின் தாளில் மணல்போன்ற சிலிக்காத் துகள்கள் உள்ளன. நீண்ட புல்லைக் கினிப்பன்றி நாளெல்லாம் மென்று அரைக்கும்போது கடைவாய்ப்பற்கள் அம்மிக்கல்லும் குழவியும்போல் ஒன்றையொன்று உரசித் தேய்கின்றன. பெல்லட் எனப்படும் குச்சித்தீவனமோ, பழத்துண்டோ அத்தகைய உழைப்பைப் பற்களுக்குத் தருவதில்லை. சில கடியில் பொடியாகி வயிற்றை அடைந்துவிடும். கடைகளில் விற்கும் மரக்கட்டையைக் கடித்தால் பல் தேயும் என்பார் உளர். அது வெட்டுப்பற்களுக்கு ஓரளவு உதவலாம். நோய் தொடங்கும் கடைவாயை எட்டாது. ஆதலால் கூண்டில் எந்நேரமும் இருக்கவேண்டியது உலர்புல்லே. உலர்புல் வேறு, வைக்கோல் வேறு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கதிரடித்தபின் எஞ்சும் தாள் வைக்கோல். அதில் ஊட்டம் மிகக் குறைவு. பசுமை மாறாமல் அறுத்து உலர்த்திய புல்லே உலர்புல். அதனுடன் அறுகம்புல்லையும் கொடுக்கலாம். வடமாநிலங்களில் 'தூப்' என்னும் பெயரில் பூசைக்கு விற்கப்படுவதும் இந்த அறுகே. ஆயினும் பூச்சிமருந்து தெளிக்கப்பட்ட பூங்காவிலிருந்தோ, வண்டிப்புகை படியும் சாலையோரத்திலிருந்தோ புல்லைப் பறித்து வருதல் கூடாது.

பற்கள் கெடுவதற்கு இன்னொரு காரணம் வைட்டமின் சி குறைபாடு. பெரும்பாலான விலங்குகள் இந்த ஊட்டத்தைத் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்கின்றன. மனிதனாலும் கினிப்பன்றியாலும் அது இயலாது. 1907ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர்களான ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் இருவரும் கினிப்பன்றிகளுக்குத் தானிய உணவை மட்டுமே கொடுத்துப் பார்த்தனர். கடலோடிகளைக் கொன்றுவந்த ஸ்கர்வி நோய் அவற்றுக்கும் உண்டாயிற்று. பசிய காய்கறிகள் தந்தபோது நோய் தடுக்கப்பட்டது. ஸ்கர்வியின் காரணத்தை மனிதன் அறிந்ததில் இச்சிறு விலங்குக்குப் பெரும் பங்கு உண்டு. வைட்டமின் சி குறைந்தால் பல்லைத் தாடையோடு பிணைக்கும் திசுக்கள் தளர்கின்றன. பற்கள் ஆடி, ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி, தாறுமாறாக வளர்கின்றன. நாள்தோறும் 10 முதல் 30 மில்லிகிராம் வரை இவ்வூட்டம் தேவை. குடைமிளகாயில் இது மிகுதி; வடநாட்டுச் சந்தையில் 'ஷிம்லா மிர்ச்' என்று கேட்டால் கிடைக்கும். கொத்தமல்லித்தழையும் நன்று. குடிநீரில் வைட்டமினைக் கரைத்து வைப்பது பயன்தராது. அது விரைவில் சிதைந்துவிடும், சுவை மாறுவதால் விலங்கு நீர் அருந்துவதையும் குறைத்துக்கொள்ளும்.

விலங்குகளை வாயில்லாச் சீவன்கள் என்பது தமிழ் வழக்கு. தன் துன்பத்தை எடுத்துச்சொல்ல இயலாதவை என்பது அதன் பொருள். கினிப்பன்றி சொல்லாதது மட்டுமன்று, மறைக்கவும் செய்கிறது. பருந்துக்கும் நரிக்கும் இரையாகும் உயிரினம் தன் நலிவை வெளிக்காட்டினால் முதலில் பிடிபடும் அல்லவா? ஆகவே வளர்ப்பவரின் கண்ணே அதற்கு வாயாக வேண்டும். உணவை நோக்கி ஆவலுடன் ஓடிவந்து, வாயில் எடுத்து, மெல்லாமல் கீழே விடுதல். முன்பு விரும்பிய கேரட்டை ஒதுக்கி மெதுவானதை மட்டும் தேடுதல். எச்சில் வடிந்து மோவாய் நனைந்திருத்தல். புழுக்கை சிறுத்தும் குறைந்தும் போதல் ஆகியவை தெரிந்தால் பல்நோயை ஐயுறலாம். இவற்றுக்கும் முன்பே உண்மையைச் சொல்வது தராசு. வளர்ந்த கினிப்பன்றியின் எடை ஏறத்தாழ 700 முதல் 1200 கிராம். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வைத்தால், கண்ணுக்குப் புலப்படாத மெலிவும் எண்ணில் புலப்படும். 900 கிராம் எடையுள்ள விலங்கு 50 கிராம் இழப்பது, 36 கிலோ எடையுள்ள மாணவர் 2 கிலோ இழப்பதற்கு ஒப்பாகும்.

எடை குறைந்தால் காத்திருத்தல் ஆகாது. கினிப்பன்றியின் குடல் இடைவிடாது இயங்க வேண்டியது. ஒரு நாள் முழுவதும் உண்ணாவிடில் குடலியக்கம் நின்று உயிருக்கே கேடு விளையும். நாய், பூனைகளுக்கு மட்டும் மருத்துவம் பார்த்துப் பழகியவரைவிடச் சிறுவிலங்குகளில் பயிற்சியுள்ள கால்நடை மருத்துவரையே நாடுதல் நன்று. நோய் வருமுன்பே அத்தகையவர் எங்குள்ளார் என விசாரித்து வைத்துக்கொள்வது அதனினும் நன்று. அதன் வாய் மிகக் குறுகியது. கன்னச் சதையும் உட்புறம் மடிந்து மறைக்கும். எனவே கடைவாயை முழுமையாகக் காண மயக்க மருந்தும், வேரைக் காண எக்ஸ்ரே படமும் தேவைப்படலாம். நீண்ட பற்களை மருத்துவர் நுண்ணிய அரவைக்கருவியால் தேய்த்துச் சமன்செய்வார். நகவெட்டியால் வீட்டிலேயே வெட்டிவிட முயல்வது பெருந்தவறு. பல் வேர்வரை பிளந்துவிடும். வீட்டில் மீதமுள்ள மாத்திரைகளைக் கொடுப்பதோ அதைவிடக் கொடியது. மனிதருக்கு நலம் தரும் அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் கினிப்பன்றியின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து அதனைக் கொன்றுவிடக் கூடும்.

மருத்துவர் பணி முடிந்த இடத்தில் வீட்டாரின் பணி தொடங்குகிறது. பல் சீரானாலும் வாய்ப்புண் ஆறவும் தாடைத் தசை வலுப்பெறவும் சில நாள்கள் ஆகும். அதுவரை ஊட்டிவிட வேண்டும். குச்சித்தீவனத்தைப் பொடித்து வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஆறியபின் ஊசி நீக்கிய 1 மில்லி சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளலாம். கினிப்பன்றியைத் துண்டில் சுற்றி மடியில் அமர்த்த வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்தல் கூடாது. முன்பு கூறிய அந்தப் பல்லில்லா வெற்றிடம் இங்கே பயன்படுகிறது. சிரிஞ்சின் நுனியைப் பக்கவாட்டில் அவ்விடைவெளியில் செலுத்திச் சிறிது சிறிதாகக் கூழைத் தந்து, அது மென்று விழுங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் கூழ் மூச்சுக்குழலில் புகுந்துவிடும். பகலிலும் இரவிலுமாக நாளொன்றுக்கு ஐந்தாறு முறை இவ்வாறு ஊட்ட நேரலாம். தேர்வுக் காலமானாலும், தொடர்வண்டியில் ஊருக்குப் புறப்படும் நாளானாலும் இதனைத் தள்ளிப்போட முடியாது. வீட்டில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். இந்நாள்களில் எடையை நாள்தோறும் குறித்தல் அவசியம்.

ஒருமுறை கோணிய பற்கள் மீண்டும் கோணலாகவே வளர்வது பெரும்பான்மை. ஆகவே சில வாரங்களுக்கொருமுறை சிகிச்சை தேவைப்படும். அதற்கான செலவும் சிறிதன்று. சிகிச்சைகள் பயனளிக்காமல் வலி மட்டுமே எஞ்சுமாயின், துன்பமின்றி அதன் உயிரை முடித்துவைக்க மருத்துவர் பரிந்துரைப்பதும் உண்டு. பலவற்றுக்கு அந்நிலை வருவதில்லை. முறையான சிகிச்சையும் புல்லும் கிடைத்தால் நெடுநாள் வாழ்கின்றன.

கினிப்பன்றி கூட்டமாக வாழும் இயல்புடையது. நோயுற்றதைத் தனியே பிரித்தால் அதன் அச்சம் மிகும். எனவே மருத்துவமனைக்குச் செல்லும்போது துணையையும் அதே பெட்டியில் கொண்டுசெல்வர். கூழ் மட்டும் உண்டுவந்த விலங்கு, அருகில் துணை புல்லை மெல்லும் ஓசையைக் கேட்டுத் தானும் ஒரு தாளின் நுனியைப் பற்றி இழுத்துப் பார்ப்பதுண்டு. அந்தத் தாள் முழுவதும் வாய்க்குள் சென்று மறைகிறதா, பாதியில் கீழே விழுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.