பாட்டுப் புத்தகம் வாங்கப் போறீங்களா?

தோழிகளே, பெண்ணைப் பாட்டு கிளாஸில் சேர்த்ததும் புத்தகம் தேடி அலைவோம். கடையில் பத்து விதம் இருக்கும். அட்டையில் இருக்கிற வீணை படத்தைப் பார்த்து மயங்கிடாதீங்க.

என் மகள் நன்றாகவே பாடுகிறாள். ஆனால் "ஆதி தாளத்துக்கு ஏன் எட்டு எண்ணிக்கை?" என்றால் திருதிருவென்று முழிப்பாள். கிளாஸில் அதற்கெல்லாம் நேரமில்லை. எனக்கோ பத்தாம் வகுப்போடு படிப்பும் பாட்டும் நின்றுபோச்சு. இருவருக்கும் புரிகிற புத்தகமாகத் தேடியதில் நான் தெரிந்துகொண்டது இது.

முதலில், குறியீட்டு விளக்கம் இருக்கிறதா பாருங்கள். ஸ்வரத்தின் மேல் புள்ளி வைத்தால் தார ஸ்தாயி, கீழே வைத்தால் மந்திர ஸ்தாயி. புள்ளி சரியாக அச்சாகவில்லை என்றால் குழந்தை தப்பாகப் பாடிப் பழகிவிடும்.

அடுத்து, அலங்காரம் பக்கத்தைப் புரட்டி, அங்கேயே நின்று எண்ணுங்கள். துருவ தாளத்தில் ஒரு ஆவர்த்தத்துக்கு 14 அட்சரம், மட்டியத்தில் 10, ரூபகத்தில் 6 வரவேண்டும். குறைந்தால் அச்சுப்பிழை. தயங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள்.

வெறும் பாட்டுகள் மட்டும் போதாது. 12 ஸ்வர ஸ்தானம், 35 தாளம், 72 மேளகர்த்தா அட்டவணை எல்லாம் விளக்கத்தோடு இருக்கணும். கடபயாதி கணக்கு இருந்தால் ரொம்ப நல்லது. மாயாமாளவகௌளையில் 'மா' 5, 'யா' 1. திருப்பிப் போட்டால் 15. அதுதான் மேள எண்! இதைக் கண்டுபிடித்த அன்று என் மகள் எல்லா ராகத்துக்கும் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டாள்.

ஆரம்பப் பாடங்களுக்கு ஏ.எஸ். பஞ்சாபகேச அய்யரின் 'கானாம்ருத போதினி' தமிழிலேயே கிடைக்கிறது. ஆங்கிலம் தெரிந்த பெரிய பிள்ளைகளுக்கு பி. சாம்பமூர்த்தியின் 'சவுத் இண்டியன் மியூசிக்' பாகங்கள் உதவும்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். கமகம் எந்தப் புத்தகத்திலும் வராது, குருவின் வாயிலிருந்துதான் வரும். ஆனால் ஆதி தாளம் என்பது லகு 4, திருதம் 2, இன்னொரு திருதம் 2 என்பதை ராத்திரி சமையல் வேலை முடிந்து நாமே பிள்ளைக்குச் சொல்லித் தரலாம். அதோடு நாமும் கற்றுக்கொள்ளலாமே! முப்பது வயதைத் தாண்டினால் பாட்டு வராதென்று யார் சொன்னது?

- ஒரு வாசகி, மயிலாடுதுறை