தவில் நாடா: தோள் சுமந்தால்தான் கை வாசிக்கும்

கடந்த நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து வந்த என் தங்கையின் மகள், கையோடு ஒரு யுகலேலேயும் கொண்டுவந்திருந்தாள். கிற்றாரின் தம்பி போல ஒரு வாத்தியம். நான்கு நரம்புகள். ஒரு கிலோகூட இராது. அதற்கும் தோளில் மாட்ட ஒரு பட்டி வைத்திருந்தாள்.

"இந்தச் சின்னச் சாமானுக்கு ஏன் பிள்ளை பட்டி?" என்று கேட்டேன்.

"பட்டி இல்லாட்டி இடக்கையாலதான் இதைத் தாங்க வேணும் மாமா. தாங்கிற கை ஓடி ஓடி நரம்பு பிடிக்க ஏலாது" என்றாள்.

சின்ன வயதில் அப்பா எனக்குச் சொன்ன அதே விடயம்தான். அவர் சொன்னது தவில் நாடாவைப் பற்றி.

நாங்கள் இணுவில் ஆட்கள். 1975 இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பெயரைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவருடைய லயத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். தவிலைத் தாங்கும் நாடாவைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

தவிலின் உடல் பலா மரத்தைக் குடைந்து செய்வது. வலக்கை விரல்களில் பசையால் செய்த கூடுகளை மாட்டி ஒரு பக்கத்தை வாசிப்பார்கள். மறுபக்கத்தை இடக்கையில் உள்ள பூவரசங் கழி அடிக்கும். இரண்டு கைக்கும் முழுநேர வேலை. இருந்து வாசிக்கும்போது பாரம் நிலத்துக்கும் மடிக்கும் போய்விடும். சுவாமி வீதிவலம் வரும்போது அப்படியில்லை. மணிக்கணக்காக நின்றும் நடந்தும் வாசிக்க வேண்டும். அப்போது முழுப் பாரமும் ஒரு துணி நாடாவில் தொங்குகிறது. முன்பு தோல் வாரால் இழுத்துக் கட்டிய தவில்கள் இருந்தன. இப்போது இரும்பு வளையமும் ஆணியும் பூட்டிய தவில்கள் வந்துவிட்டன. சுருதி நிற்கும், ஆனால் பாரம் கூட. எங்கள் வீட்டுத் தவில் தராசில் 12 கிலோ.

நாடாவில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது நீளம். நாடா நீண்டால் தவில் தொடைக்கு இறங்கும். வாசிப்பவர் குனிவார், முதுகு பிடிக்கும். கட்டையானால் தோள் மேலே ஏறும், மணிக்கட்டு மடங்கும். நிமிர்ந்து நிற்கும்போது முழங்கை இயல்பாக மடிந்து, மணிக்கட்டு நேராக இருந்தால் அளவு சரி. இரண்டாவது அகலம். ஒடுங்கிய நாடா தோளை வெட்டும், கை விறைக்கும். அகலமான பருத்தித் துணி பாரத்தைப் பரப்பும். நைலோன் வியர்வையில் வழுக்கும். மூன்றாவது முடிச்சு. துணி வியர்வையில் நனைந்து, காய்ந்து, உரசி நைவது முடிச்சடியில்தான்.

எங்களிடம் பழகும் ஒரு தம்பியின் தோளில் இன்னமும் ஷெல் துண்டு இருக்கிறது. நாடா தழும்பில் பட்டால் அன்றிரவு நித்திரை இல்லை. மற்றத் தோளுக்கு மாற்றி, அடியில் மடித்த துவாய் வைத்துப் பார்த்தோம். அரை மணித்தியாலம் நிற்கிறான். பிறகு இருந்து வாசிக்கிறான். வைத்தியரிடம் காட்டி, அவர் சொன்ன அளவோடு நிறுத்துகிறோம். இப்படிக் காயம் உள்ளவர்கள் வெட்கப்பட்டு வலியை மறைக்க வேண்டாம். இருந்து வாசித்தாலும் அது தவில்தான்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே வெளியேறியபோது எனக்குப் பதினொரு வயது. மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரே சனம். சைக்கிளில் அரிசியும் உடுப்பும் அப்பாச்சியும். தவிலுக்கு இடமில்லை. "விட்டிட்டு வாங்கோ" என்று அம்மா அழுதா. அப்பா ஒன்றும் பேசாமல் நாடாவைத் தோளில் மாட்டி, தவிலை முதுகுப்பக்கம் தள்ளினார். ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தார், மறுகையால் என்னை. விடியும்வரை அந்தக் கையை அவர் விடவில்லை. சனத்துக்குள் பிள்ளைகளைத் தவறவிட்டவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கைதடியில் போய் இறக்கியபோது அப்பாவின் தோளில் நாடாவின் அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. தவில் தப்பியது. அடுத்த வருடம் ஊர் திரும்பி, அதிலேதான் நான் பாடம் தொடர்ந்தேன்.

அப்பா இப்போது இல்லை. தவில் இருக்கிறது. நாடா மட்டும் எத்தனையோ தடவை மாற்றியாயிற்று. திருவிழாக் காலம் தொடங்கமுன், பிள்ளைகளின் தவில் நாடாவை ஒருமுறை அவிழ்த்து, முடிச்சடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நைந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.