ஒரு மேசைக் கணினியும் சில நூறு பெயர்களும்: தரவுத்தளத்தைத் தொலைக்காமல் வைத்திருப்பது எப்படி?

கடந்த மழைக்காலத்தில் ஒரு மாலை. வன்னியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கூடும் சிறிய அறை ஒன்றில் அவர்களது பழைய மேசைக் கணினியில் விபரங்களைப் பதிந்துகொண்டிருந்தேன். திடீரெனக் கரண்ட் நின்றது. யூபிஎஸ் இல்லை. அரை மணித்தியாலத்தில் கரண்ட் வந்தது, கணினியும் வந்தது, ஆனால் தரவுத்தள சேர்வர் வரவில்லை. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும், மைஎஸ்க்யூஎல் எதிர்பாராத விதமாக நின்றுவிட்டது என்று சிவப்பு எழுத்தில் அறிவித்தது.

பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார்: "என்ன பிள்ளை, பேருகள் எல்லாம் போயிட்டுதோ?"

2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் ஜனாதிபதி ஆணைக்குழு, பின்னர் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போனோர் அலுவலகம் என்று மகனின் கதையை ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து சொன்னவர் அவர். அந்த அலைச்சலில் கிடைத்த கடிதங்களின் திகதிகளையும் இலக்கங்களையும்தான் நான் பதிந்துகொண்டிருந்தேன். அவர் கேட்ட கேள்விக்கு அந்த நிமிடம் என்னிடம் பதில் இல்லை.

எங்கள் கிராமங்களில் காணி, இடப்பெயர்வு, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஆவணங்களைச் சேகரிக்கும் சிறு குழுக்கள் பல உள்ளன. அவர்களுக்குப் பயன்படும் என்பதால் அன்று கற்றதை எழுதுகிறேன்.

ஏன் சேர்வர்?

எக்ஸெலில் ஒரு வரிக்கு ஓர் ஆள் என்று எழுதலாம். ஆனால் ஓர் ஆளுக்கு நான்கு முறைப்பாடுகள், மூன்று சாட்சிகள், இரண்டு கடிதங்கள் என்று வரும்போது அது சிக்கலாகிவிடும். தரவுத்தளத்தில் ஆட்களுக்கு ஓர் அட்டவணை, முறைப்பாடுகளுக்கு இன்னோர் அட்டவணை என்று பிரித்து, இரண்டையும் ஓர் இலக்கத்தால் இணைக்கலாம். அந்த அட்டவணைகளைக் காவல் காத்து, கேட்டதை எடுத்துத் தரும் நிரல்தான் சேர்வர். அது கணினியின் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும்.

நாங்கள் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் எக்ஸாம்ப் தொகுப்பு. அதன் பலகையில் மைஎஸ்க்யூஎல் என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஓடுவது அதன் வழிவந்த மரியாடிபி. விண்டோஸில் இதை இன்ஸ்டோல் செய்யும்போது புரோகிராம் பைல்ஸ் போல்டரைத் தவிர்த்து, சி ட்ரைவில் நேரடியாகத் தனிப் போல்டரில் போடுங்கள். இல்லையெனில் விண்டோஸின் அனுமதிக் கட்டுப்பாடு இடைஞ்சல் தரும்.

அடுத்தது தமிழ். தரவுத்தளத்தை உருவாக்கும்போதே எழுத்துக் குறியேற்றத்தை யூடிஎப்8எம்பி4 என்று தெரிவு செய்யவேண்டும். லத்தீன்1 என்று இருந்தால் தமிழ்ப் பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படக்கூடும். அப்படிச் சேமித்ததை மீட்க வழியில்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பட்டியல்களை அப்படியே ஒட்டவும் கூடாது. பாமினியில் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே பதிய வேண்டும். அடையாள அட்டை இலக்கத்துக்கான நிரலையும் எண்ணாக அன்றி எழுத்தாக வையுங்கள். பழைய அட்டையில் 9 இலக்கங்களோடு ஓர் எழுத்தும், 2016 முதல் வந்ததில் 12 இலக்கங்களும் உள்ளன.

சேர்வர் எழும்பாவிட்டால்

முதல் வேலை, எதையும் அழிக்காமல் இருப்பது. சேர்வர் நின்றிருக்கும் நிலையில் மைஎஸ்க்யூஎல் போல்டருக்குள் இருக்கும் டேட்டா போல்டரை முழுமையாக ஒரு பென் ட்ரைவில் பிரதி எடுங்கள். அதற்குப் பிறகு செய்யும் தவறுகளைத் திருத்தலாம்.

அன்று நான் முதலில் இணையத்தில் தேடினேன். ஐபிடேட்டா1 என்ற பைலை அழித்தால் சரிவரும் என்று ஒரு காணொளி சொன்னது. கை அங்கே போய்விட்டது. நல்ல காலம், நிறுத்திக்கொண்டேன். எந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்ற இனோடிபியின் பதிவேடு அந்தப் பைலில்தான் உள்ளது. அதை அழித்தால் அட்டவணைப் பைல்கள் வட்டில் கிடந்தாலும் சேர்வர் அவற்றை அடையாளம் காணாது.

இரண்டாவது, பலகையில் உள்ள லொக்ஸ் பொத்தானை அழுத்திப் பிழைப் பதிவின் கடைசி வரிகளை வாசியுங்கள். 3306ஆம் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாகச் சொன்னால், கணினியில் இன்னொரு தரவுத்தள நிரல் ஓடுகிறது என்று அர்த்தம். பலகையின் நெட்ஸ்டாட் பொத்தான் அது எது என்று காட்டும். அதை நிறுத்தினால் போதும்.

எங்கள் பதிவில் ஆரியா மீட்பு தோல்வியுற்றது என்று இருந்தது. சேர்வர் தன் சொந்தப் பயனர் விபரம், அமைப்பு ஆகியவற்றை ஆரியா வகை அட்டவணைகளில் வைத்திருக்கிறது. கரண்ட் நின்றபோது அவற்றின் குறிப்புப் பைல்கள் குழம்பிவிட்டன. என்ன செய்யவேண்டும் என்று பதிவே சொல்லியிருந்தது. ஆரியா செக் என்ற கருவியால் அந்த அட்டவணைகளைத் திருத்தி, ஆரியா லொக் என்று தொடங்கும் பைல்களை வேறிடத்துக்கு நகர்த்தி, மீண்டும் ஸ்டார்ட் கொடுத்தேன். பச்சை நிறம் வந்தது. பெயர்கள் இருந்த அட்டவணைகள் இனோடிபி வகை. அவற்றுக்கு எதுவும் நடந்திருக்கவில்லை.

பிழை மென்பொருளுடையது அல்ல. யூபிஎஸ் இல்லாமல், பிரதி எடுக்காமல் வேலை செய்தது என் தவறு.

பாதுகாப்பும் பிரதியும்

எக்ஸாம்ப், மென்பொருள் உருவாக்குபவர்கள் பரீட்சித்துப் பார்ப்பதற்கான தொகுப்பு. ஆகவே ரூட் பயனருக்குக் கடவுச்சொல் இல்லாமலேயே வருகிறது. சாட்சிகளின் பெயர் உள்ள கணினியை அப்படி விடமுடியாது. கடவுச்சொல் வையுங்கள். வைத்ததும் பிஎச்பி மைஅட்மின் உள்ளே விடாது. அதன் அமைப்புப் பைலில் உள்நுழைவு முறையைக் குக்கி என்று மாற்றினால் கடவுச்சொல் கேட்கத் தொடங்கும். சேர்வரின் அமைப்புப் பைலில் பைண்ட் அட்ரஸ் 127.0.0.1 என்று இருந்தால் வேறு கணினிகள் அதனுடன் பேச முடியாது. அந்த வரியின் முன்னால் கொமென்ட் குறி இருந்தால் அதை நீக்குங்கள்.

வேலை முடிந்ததும் ஸ்டொப் அழுத்திய பிறகே கணினியை நிறுத்துங்கள். அதற்கு முன், பிஎச்பி மைஅட்மினின் எக்ஸ்போர்ட் மூலம் அன்றைய பிரதியை எடுத்துக் கடவுச்சொல் இட்ட இரண்டு பென் ட்ரைவ்களில் போட்டு, இரண்டையும் வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் ஏற்றிப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத பிரதியை நம்பமுடியாது.

அன்றிரவு சேர்வர் எழும்பியதும் அந்த அம்மா தன் மகனின் பெயரைத் தேடச் சொன்னார். திரையில் வந்தது. சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கடதாசியிலயும் ஒண்டு அடிச்சுத் தாங்கோ பிள்ளை" என்றார். அடித்துக் கொடுத்தேன். இப்போது மாதாந்தப் பிரதியோடு ஓர் அச்சுப் பிரதியும் எடுக்கிறோம்.