பாப்பா ஏன் இரவில் விழிக்கிறது?

தைப்பூசக் காலத்தில் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் சாலையில் இரவிலும் பாதயாத்திரைக் கூட்டம் நடந்துகொண்டே இருக்கும். அந்தச் சாலையிலுள்ள ரெட்டியார்சத்திரத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த அக்காவின் குழந்தைக்கு இன்று 20 நாள். பகலெல்லாம் தூங்கிய குழந்தை இரவு 11 மணிக்கு விழிக்கிறது. 1 மணிக்கு அழுகிறது. 3 மணிக்கு மறுபடியும் அழுகிறது.

"தாய்ப்பால் பத்தலை, டப்பாப் பால் கொடு" என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. "சர்க்கரைத் தண்ணி வை" என்கிறார் அத்தை. அக்காவின் கண்களில் நீர். அது உங்கள் வீடாக இருந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? சொல்லும் முன், குழந்தையின் உடலில் நடப்பதைப் பார்ப்போம்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

நம் மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களின் நரம்புகளும் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஓர் அரிசிமணியைவிடச் சிறிய நரம்புத் திரள் இருக்கிறது. உறக்கத்தையும் விழிப்பையும் முறைப்படுத்தும் கடிகாரம் அதுவே. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் இத்தகைய உயிர்க் கடிகாரங்களை ஆராய்ந்தார். வெளியுலக வெளிச்சமும் ஒலியும் எட்டாத ஓர் அறை அங்கே அமைக்கப்பட்டது. கைக்கடிகாரம்கூட இல்லாமல் பல நாட்கள் அதில் தங்கியவர்களும் ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை உறங்கி விழித்தார்கள். ஆனால் அந்தச் சுற்று 24 மணி நேரத்துடன் சரியாகப் பொருந்தவில்லை. நம் உடற்கடிகாரத்தைத் தினமும் திருத்தி வைப்பது சூரிய வெளிச்சம்தான் என்பது இதனால் விளங்குகிறது அல்லவா?

கருவில் இருந்தவரை, இரவை உணர்த்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் தாயின் இரத்தத்திலிருந்து குழந்தைக்குக் கிடைத்தது. பிறந்ததும் அந்த வரவு நின்றுவிடுகிறது. குழந்தையின் உடல் தானே அதை இரவுதோறும் முறையாகச் சுரக்க ஏறக்குறைய 3 மாதம் ஆகும். அதுவரை அதற்கு இரவும் பகலும் ஒன்றே. இதில் ஒரு வியப்பு உண்டு: இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் இருக்கிறது, பகல் பாலில் அநேகமாக இல்லை!

பசியும் அரைத்தூக்கமும்

பச்சிளங்குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. தாய்ப்பாலோ பசும்பாலைவிட விரைவில் செரிப்பது. ஆகவே 2, 3 மணிக்கொரு முறை பசிப்பது இயல்பு. பால் குறைவு என்பதற்கு அது அடையாளம் அன்று. மேலும், பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் மிகுதி. இரவில் பால் கொடுப்பதை நிறுத்தினால் சுரப்பே குறைந்துவிடலாம். டப்பாப் பாலால் வரும் முதல் நட்டம் இதுதான்.

நம் தூக்கத்தின் ஒரு சுற்று சுமார் 90 நிமிடம். குழந்தைக்குச் சுமார் 50 நிமிடம். அதிலும் பாதி மேலோட்டமான தூக்கம். அப்போது இமைக்குள் கண் உருளும். குழந்தை சிரிக்கும், முனகும். உடனே தூக்கிவிடாதீர்கள். சற்றுப் பொறுத்தால் தானே உறங்கிவிடக்கூடும்.

நீங்கள் செய்யக்கூடியவை

காலையில் குழந்தையை வெளிச்சமான திண்ணைக்கோ ஜன்னலருகிலோ கொண்டு வாருங்கள். நேர் வெயில் வேண்டாம். பகலில் பேசிச் சிரித்து விளையாடுங்கள். இரவில் மங்கலான விளக்கு போதும். தொலைக்காட்சியும் கைப்பேசியும் வேண்டாம். பால் குடித்ததும் பேச்சுக் கொடுக்காமல் படுக்க வையுங்கள்.

தூளியின் ஆட்டம், தாய் நடக்கும்போது கருவில் உணர்ந்த அசைவைப் போன்றது. அதனால்தான் அழுகை அடங்குகிறது. உறங்கியதும் தலையணை இல்லாத, அழுந்தாத சமமான படுக்கையில் மல்லாந்து கிடத்துவதே பாதுகாப்பு. முதல் 6 மாதம் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், வசம்பு எதுவும் வேண்டாம். தாய்ப்பாலிலேயே தேவையான நீர் இருக்கிறது. பகலில் குழந்தை தூங்கும்போது அக்காவும் தூங்கட்டும். அந்த நேரத்து வேலைகளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பால் போதுகிறதா என்று எப்படி அறிவது? முதல் வாரத்துக்குப் பின், ஒரு நாளில் 6 முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் போதுகிறது என்று பொருள். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, வேகமாக மூச்சு விட்டாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்களேன்! நாளுக்கொரு வரிசையாக, ஒரு மணி நேரத்துக்கு ஒரு கட்டம் என்று 24 கட்டங்கள் வரையுங்கள். குழந்தை தூங்கிய கட்டங்களைக் கறுப்பாக்குங்கள். சிறுநீர் கழித்த நேரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். முதல் வாரங்களில் கறுப்பு அங்கங்கே சிதறிக் கிடக்கும். 3 மாதத்தில் அது மெல்ல மெல்ல இரவுப் பக்கம் ஒதுங்குவதைக் காண்பீர்கள். "பால் பத்தலை" என்று யாராவது சொன்னால், அந்தத் தாளை எடுத்துப் புள்ளிகளை எண்ணிக் காட்டுங்கள். அக்காவுக்கு அது பெரிய துணை.